வயிற்று ஸ்கோப்: கழுவி வைப்பதா, ஒருமுறை போட்டு எறிவதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் ஒரு மருத்துவமனையின் எண்டோஸ்கோப்பி பிரிவில் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, வேலை பார்த்தவள் நான். டாக்டர் பக்கத்தில் நின்ற நேரத்துக்குச் சமமாகப் பின்னால் இருக்கும் கழுவும் அறையிலும் நின்றிருக்கிறேன். முன்பெல்லாம் "வலிக்குமா?" என்றுதான் கேட்பார்கள். இப்போது "இது யார் வயித்துக்குள்ள போயிட்டு வந்தது?" என்று கேட்கிறார்கள். ஒருமுறை போட்டுவிட்டு எறியும் ஸ்கோப் வந்துவிட்டது என்ற பேச்சு பரவியதிலிருந்து இந்தச் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது. கோயிலிலும் கல்யாண வீட்டிலும் உறவுக்காரர்கள் கேட்டதை அவரவர் வாய்ச்சொல்லிலேயே இங்கே எழுதிப் பதிலையும் சேர்த்திருக்கிறேன். உங்களை நேரில் பார்த்த டாக்டர் சொல்வதற்கு இது மாற்று இல்லை.

ஸ்கோப்னா என்னக்கா? எவ்ளோ தடிமனா இருக்கும்?

வாய் வழியாக உள்ளே விடும் கறுப்பு நிறக் குழாய். நீளம் ஒரு மீட்டர் சொச்சம், தடிமன் 9 முதல் 10 மில்லிமீட்டர். நுனியில் கேமராவும் விளக்கும் இருக்கும். தொண்டை, உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடலின் தொடக்கம் வரை பார்க்கலாம். வளையும் ஸ்கோப்பை 1957-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் செய்து காட்டிய பேசில் ஹிர்ஷோவிட்ஸ், அதை முதலில் தன் தொண்டைக்குள்தான் விட்டுப் பார்த்தார். நம்மைப் பயமுறுத்தும் சாமான்தான், ஆனால் செய்தவரே விழுங்கிப் பார்த்தது.

வெளியே பார்க்க ஒரே குழாயாகத் தெரிந்தாலும் உள்ளே பல துளைகள் ஓடுகின்றன. பெரியது சுமார் 2.8 மில்லிமீட்டர். சதைத் துணுக்கு எடுக்கும் இடுக்கி அதன் வழியாகத்தான் போகும், சளியும் இரத்தமும் உறிஞ்சப்படுவதும் அதே வழிதான். காற்றுக்கும் தண்ணீருக்கும் இன்னும் மெல்லிய துளைகள் உண்டு. கீழே சுத்தம் பற்றிச் சொல்லப்போவது எல்லாம் பெரும்பாலும் இந்தத் துளைகளைப் பற்றியதுதான். வெளிப்பக்கத்தைத் துடைப்பது சுலபம்.

எனக்குப் போடுறது புதுசா, இல்ல வேற ஆளுக்குப் போட்டதா?

வேறு ஆளுக்குப் போட்டதுதான். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் மட்டுமல்ல, உலகத்தில் எங்கே போனாலும் வயிற்று ஸ்கோப்பில் மிகப் பெரும்பாலானவை கழுவிக் கிருமி நீக்கித் திரும்பத் திரும்பப் பயன்படுத்துபவை. ஒன்றின் விலை லட்சம் ரிங்கிட்டைத் தொடும். அதை யாரும் ஒருவருக்காக வாங்கி எறிய முடியாது. இதை மறைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கேட்டால் நேராகச் சொல்ல வேண்டும்.

ஆனால் ஸ்கோப்போடு சேர்ந்த எல்லாமே அப்படி இல்லை. ஊசி, மருந்துக் குழாய், கையுறை ஆகியவை உங்களுக்கென்று புதிதாகப் பிரிப்பவை. சதை எடுக்கும் இடுக்கியும் இப்போது பெரும்பாலான இடங்களில் ஒருமுறை போட்டு எறிவதுதான், ஏனென்றால் அது சதையைக் கிழித்து இரத்தத்தைத் தொடுகிறது. பல்லுக்கு இடையில் வைக்கும் வளையமும் பல இடங்களில் அப்படியே.

அப்போ இந்த "ஒருமுறை ஸ்கோப்"ங்கிறது என்ன? வேற மாதிரி மெஷினா?

பார்க்க ஏறக்குறைய அதே மாதிரிதான் இருக்கும். பிளாஸ்டிக்கால் செய்து, நுனியில் கைப்பேசியில் இருப்பது போன்ற சின்ன கேமராச் சில்லு வைத்து, தொழிற்சாலையிலேயே வாயுவால் கிருமி நீக்கி, பையில் மூடி வரும். பையைக் கிழித்துத் திரையில் மாட்டி, வேலை முடிந்ததும் குழாயை மருத்துவக் கழிவுத் தொட்டியில் போட்டுவிடுவார்கள். திரை மட்டும் மருத்துவமனையில் தங்கும்.

முதலில் நுரையீரலுக்கான ஒருமுறை ஸ்கோப்தான் வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் அது இப்போது சாதாரணம். பித்தக் குழாய்க்கான முதல் ஒருமுறை ஸ்கோப்பை, மருந்துக்கும் மருத்துவச் சாதனத்துக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2019 டிசம்பரில் அனுமதித்தது. அது பாஸ்டன் சயன்டிஃபிக் நிறுவனத்தின் தயாரிப்பு. வயிற்றுக்கான ஸ்கோப்பாக அம்பு நிறுவனத்தின் ஏஸ்கோப் காஸ்ட்ரோ 2022-இல் அங்கே அனுமதி பெற்றது. வயிற்றைப் பொறுத்தவரை இது இன்னும் புதுசுதான்.

இன்னொருத்தர் வயித்துல போனத எப்படிக் கழுவுறீங்க? சும்மா தண்ணில அலசிடுவீங்களா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் யாரும் பார்க்காத அறையில் நடக்கும் வேலை இது. கழுவுவது நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்திலேயே தொடங்கிவிடும். குழாயை வெளியே எடுத்த உடனே சோப்பு நனைத்த துணியால் துடைத்து, உள்துளை வழியாகச் சோப்புத் தண்ணீரை உறிஞ்ச வைப்போம். காய்ந்துவிட்டால் அப்புறம் எந்த மருந்தும் முழுசாக வேலை செய்யாது. அடுத்து மூடிய தட்டில் கழுவும் அறைக்குக் கொண்டுபோய், குழாய்க்குள் காற்றை ஏற்றித் தண்ணீரில் மூழ்க வைத்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்போம். குமிழி வந்தால் எங்கோ கிழிசல். அந்த ஸ்கோப் அன்றைக்கு ரிப்பேருக்குப் போகும்.

அப்புறம்தான் உண்மையான வேலை. நொதி கலந்த சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, ஒவ்வொரு துளைக்கும் நீளமான பிரஷை விட்டு, மறுமுனையில் பிரஷ் சுத்தமாக வெளியே வரும் வரை தேய்க்க வேண்டும். வால்வுகளைக் கழற்றித் தனியாகத் தேய்க்க வேண்டும். பல நாள் பழகியவர்கள் கைதான் இதற்குச் சரி. இதன் பிறகே மெஷினில் வைத்துக் கிருமிநாசினி ஓட்டுவது. குளுட்டரால்டிஹைட், ஓ.பி.ஏ., பெராசெட்டிக் அமிலம் என்று இடத்துக்கு இடம் மருந்து மாறும். குளுட்டரால்டிஹைட் அழுக்கின் மேல் பட்டால் அந்த அழுக்கை அப்படியே ஒட்டிக்கொள்ள வைத்துவிடும். ஓ.பி.ஏ. பட்டால் மிச்சமிருக்கும் புரதம் சாம்பல் நிறமாகிக் காட்டிக்கொடுத்துவிடும், கையுறை போடாத விரலையும் சேர்த்துத்தான். அதனால் மெஷின் இருக்கிறதே என்று கையால் தேய்ப்பதைக் குறைக்கக் கூடாது.

கடைசி வேலை உலர்த்துவது. வடிகட்டிய தண்ணீரில் அலசி, ஆல்கஹால் ஓட்டி, துளைகளுக்குள் காற்றை அழுத்தி விட்டு, அலமாரியில் நேராகத் தொங்கவிடுவோம். என்னைக் கேட்டால் அவசரத்தில் அதிகம் குறைத்துச் செய்யப்படுவது இந்தப் படிதான். ஈரத்தோடு தொங்கும் ஸ்கோப்பில் கிருமி ராத்திரியோடு ராத்திரியாகப் பெருகும், பாசி மாதிரி ஒரு படலமாகவும் ஒட்டிக்கொள்ளும். அந்தப் படலம் ஒருமுறை பிடித்துவிட்டால் பிரஷுக்கே சவால்.

கத்தி, கத்திரிக்கோல எல்லாம் சூடு பண்ணி எடுக்கிறாங்களே, இதையும் அப்படிப் பண்ணினா என்ன?

ஸ்கோப் தாங்காது. ஆப்பரேஷன் கருவிகளை நீராவியில் 121 அல்லது 134 டிகிரியில் வைக்கிறார்கள். ஸ்கோப்பில் இருக்கும் ரப்பர், பசை, கேமரா எல்லாம் அந்தச் சூட்டில் கெட்டுப்போகும்.

எர்ல் ஸ்பால்டிங் என்ற அமெரிக்க நுண்ணுயிரியலாளர் வகுத்த ஒரு பிரிவினையைத்தான் உலகம் முழுக்கப் பின்பற்றுகிறார்கள். உடம்பை வெட்டி உள்ளே போகும் கருவியில் ஒரு கிருமிகூட இருக்கக் கூடாது. வாய், தொண்டை, குடல் போன்ற ஈரத்தோலை மட்டும் தொடும் கருவிக்கு உயர்தரக் கிருமிநீக்கம் போதும். காயமில்லாத வெளித்தோலை மட்டும் தொடும் பி.பி. பட்டி போன்றவற்றுக்கு அதைவிடக் குறைவாக. வயிற்று ஸ்கோப் நடு வகை. உயர்தரக் கிருமிநீக்கம் என்றால் சாதாரணக் கிருமி, வைரஸ், காசநோய்க் கிருமி எல்லாம் சாகும். சில கிருமிகளின் வித்துகள் மட்டும் மிஞ்சலாம். வாய் வழியாக நாம் தினமும் விழுங்குவதில் அதைவிட நிறைய இருக்கிறது என்பதால் இது ஏற்றுக்கொள்ளப்பட்டது.

பத்து நிமிஷத்துல அடுத்த ஆளக் கூப்பிட்டாங்க. அதுக்குள்ள இவ்ளோ வேலையும் செஞ்சிட்டாங்களா?

இல்லை. அதே ஸ்கோப்பை அடுத்தவருக்குப் போடவில்லை. ஒரு பிரிவில் பல ஸ்கோப்புகள் இருக்கும். ஒன்று உள்ளே இருக்கும்போது இன்னொன்று பிரஷ் போட்டுக்கொண்டும், மூன்றாவது மெஷினிலும், நான்காவது அலமாரியிலும் இருக்கும். மேலே சொன்ன வேலை ஒழுங்காக நடந்தால் ஒரு மணி நேரம் போல ஆகும்.

இதைத் திருப்பிப் போட்டால் ஒரு நல்ல கேள்வி கிடைக்கிறது: ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு ஸ்கோப் போடுகிறார்கள், எத்தனை ஸ்கோப் வைத்திருக்கிறார்கள்? இரண்டே ஸ்கோப் வைத்துக்கொண்டு ஒரே காலையில் இருபது பேரைப் பார்க்கும் இடம் என்றால் எனக்கே யோசனை வரும்.

எய்ட்ஸ், மஞ்சக்காமாலை பி, சி இதெல்லாம் ஒட்டிக்கிட்டா?

எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி மூன்றும் இந்த மருந்துகளுக்குச் சுலபமாகச் சாகும் வைரஸ்கள். ஒழுங்காகக் கழுவிய ஸ்கோப்பால் இவை பரவும் என்று பயப்பட வேண்டியதில்லை. ஸ்கோப் பிரிவில் ஹெபடைட்டிஸ் பரவியதாகப் பதிவான சம்பவங்களில் கழுவும் படிகளை விட்டது, அல்லது ஒரே மருந்துக் குப்பியில் ஊசியைத் திரும்பக் குத்தியது போன்ற தவறுகள்தான் வெளியே வந்தன. ஊசி விஷயத்தை ஒருமுறை ஸ்கோப் சரிசெய்யாது.

யாருக்கு என்ன நோய் இருக்கிறது என்று நோயாளிக்கே தெரியாமல் இருக்கலாம். அதனால் எல்லா ஸ்கோப்பையும் ஒரே மாதிரிதான் கழுவுவோம், "இவருக்கு ஒன்றுமில்லை" என்று யாருக்கும் குறைத்துக் கழுவுவதில்லை. மலேசியாவில் 1989-இலிருந்து பிறக்கும் குழந்தைகளுக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடுகிறார்கள். அதற்கு முன் பிறந்தவர்கள் ஒருமுறை இரத்தம் பார்த்துக்கொள்வது ஸ்கோப் போடாவிட்டாலும் நல்லது.

காஸ்ட்ரிக் கிருமின்னு சொல்றாங்களே எச். பைலோரி, அது ஸ்கோப்பாலதான் வந்திருக்குமோ?

கழுவும் முறை சரியாக வளராத காலத்தில் ஸ்கோப் வழியாக அது பரவியது உண்மை. இப்போது உங்களுக்கு இருப்பதற்கு அதைவிட எளிய காரணம் உண்டு: பெரும்பாலும் சின்ன வயதில், வீட்டுக்குள்ளேயே ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வருகிறது. மலேசியாவில் நடந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுவது, இந்தக் கிருமி மலாய்க்காரர்களிடம் மிகக் குறைவு, இந்தியர்களிடம் அதிகம் என்பது. ஆனாலும் இரைப்பைப் புற்றுநோய் இந்தியர்களைவிடச் சீனர்களிடம்தான் அதிகம். ஏன் என்று மருத்துவர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982-இல் கண்டுபிடித்து 2005-இல் நோபல் பரிசு வாங்கிய கிருமி இது. மாத்திரையால் ஒழிக்கலாம். ஸ்கோப்பில் சதை எடுத்தும் பார்க்கலாம், மூச்சை ஊதியும் பார்க்கலாம். ஸ்கோப் கிருமியைக் கொடுத்ததா என்று கவலைப்படுவதைவிட, இருந்தால் மருந்தை முழுசாகச் சாப்பிட்டு, போய்விட்டதா என்று திரும்பச் சோதித்துக்கொள்ளுங்கள். அதைத்தான் நம்மாட்கள் பாதியில் விடுகிறார்கள்.

அமெரிக்காவுல ஸ்கோப் போட்டு ஆள் செத்துட்டாங்கன்னு வாட்ஸ்அப்புல வந்துச்சே, பொய்யா?

உண்மை, ஆனால் அது உங்கள் வயிற்று ஸ்கோப் இல்லை. டியோடினோஸ்கோப் என்று வேறு ஒரு வகை. பித்தக் குழாயில் கல் எடுக்கவும் அடைப்பை நீக்கவும் செய்யும் இ.ஆர்.சி.பி. சிகிச்சைக்கு அதுதான். அதன் கேமரா நேராகப் பார்க்காமல் பக்கவாட்டில் பார்க்கும். நுனியில் கம்பியைத் தூக்கிவிடும் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். அந்த நெம்புகோலின் இடுக்குகளில் பிரஷ் சரியாகப் போகாது.

2014 கடைசியிலும் 2015 தொடக்கத்திலும் லாஸ் ஏஞ்சலசில் யு.சி.எல்.ஏ. மருத்துவமனையில் இப்படிப்பட்ட ஸ்கோப் வழியாக 7 பேருக்கு, எந்த ஆன்டிபயாட்டிக்குக்கும் சுலபமாக அடங்காத சி.ஆர்.இ. கிருமி தொற்றியது. அதில் 2 பேரின் மரணத்தில் அந்தக் கிருமிக்குப் பங்கு உண்டு என்றார்கள். 179 பேருக்குக் கடிதம் போனது. எல்லாரையும் உலுக்கியது வேறு ஒன்று: அந்த ஸ்கோப்புகளை நிறுவனம் சொன்னபடியே கழுவியிருந்தார்கள். 2016-இல் வெளியான அமெரிக்க செனட் அறிக்கை, 2012 முதல் 2015 வரை உலகம் முழுக்க இப்படி 25 சம்பவங்களில் குறைந்தது 250 பேர் பாதிக்கப்பட்டதாகச் சொன்னது. பிறகு எஃப்.டி.ஏ. நிறுவனங்களைச் சோதிக்க வைத்தபோது, கழுவிய டியோடினோஸ்கோப்புகளில் எடுத்த மாதிரிகளில் 5.4 சதவீதம் வரை ஆபத்தான வகைக் கிருமி இருந்தது.

சாதாரண வயிற்று ஸ்கோப்பில் அந்த நெம்புகோலே இல்லை. வாட்ஸ்அப் செய்தியில் "ஸ்கோப்" என்ற ஒரே சொல்லில் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

சரி, எங்க அப்பாவுக்கு அந்த இ.ஆர்.சி.பி.தான் சொல்லியிருக்காங்க. ஒருமுறை ஸ்கோப் வேணும்னு கேக்கணுமா?

கேட்கலாம், இங்கே கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. 2019 ஆகஸ்டில் எஃப்.டி.ஏ. மருத்துவமனைகளுக்குச் சொன்னதும் அதுதான்: முழுசாக ஒருமுறை ஸ்கோப்புக்கோ, அல்லது நுனி மூடியை மட்டும் கழற்றி எறியக்கூடிய ஸ்கோப்புக்கோ மாறுங்கள் என்று. இரண்டாவது வகை நடுவழி. நெம்புகோல் பகுதி புதிதாக வரும், மீதிக் குழாய் கழுவி வைப்பதாக இருக்கும். நிறைய இடங்களில் அதுதான் நடைமுறைக்கு ஒத்துவருகிறது.

டாக்டரிடம், "நுனி மூடி கழற்றும் வகையா, டாக்டர்?" என்று கேளுங்கள். ஆனால் பித்தக் குழாய் அடைத்துக் காய்ச்சல், மஞ்சள் காமாலையோடு இருப்பவருக்கு ஸ்கோப்பின் வகையைத் தேடி நாளைக் கடத்துவது ஆபத்து. அடைத்த குழாயில் சீழ் பிடிப்பது ஸ்கோப்பில் வரக்கூடிய கிருமியைவிடச் சீக்கிரம் ஆளைக் கொல்லும்.

ஒருமுறை ஸ்கோப்னா படம் தெளிவா இருக்குமா?

வயிற்றைப் பார்க்க, இரத்தம் எங்கே வருகிறது என்று கண்டுபிடிக்க, சதை எடுக்கப் போதுமான அளவுக்கு இருக்கும். ஆனால் நல்ல கழுவும் ஸ்கோப்பின் படம் இன்னும் ஒரு படி மேல். நிற ஒளியை மாற்றி இரத்தநாளக் கோலத்தைக் காட்டும் வசதி, பெரிதாக்கிப் பார்க்கும் வசதி போன்றவை அதில்தான் முழுமையாக இருக்கின்றன. இரைப்பையில் தொடக்கநிலைப் புற்றுநோய் பல நேரம் கொஞ்சம் நிறம் மாறிய ஒரு திட்டாக மட்டுமே தெரியும்.

அதனால் கிருமிப் பயத்தில் மங்கலான படத்தை வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம் இல்லை என்பது என் கருத்து. உங்களுக்கு எதைத் தேடுகிறார்கள் என்பதைப் பொறுத்து இது மாறும்.

நான் காசு கட்டுறேன், எனக்கு அதையே போடச் சொல்லலாமா? எவ்ளோ ஆகும்?

அந்த மருத்துவமனையில் இருந்தால் கேட்கலாம். பல இடங்களில் வாங்கியே வைத்திருக்க மாட்டார்கள். பித்தக் குழாய்க்கான ஒருமுறை ஸ்கோப் அமெரிக்காவில் இரண்டாயிரம், மூவாயிரம் டாலர் என்ற கணக்கில் விற்பனைக்கு வந்தது. வயிற்றுக்கானது அதைவிடக் குறைவு, ஆனாலும் பில்லில் கண்ணுக்குத் தெரியும் தொகைதான்.

தனியார் மருத்துவமனைகளில் டாக்டர் கட்டணத்துக்குச் சட்டப்படி உச்சவரம்பு உண்டு, பயன்படுத்தும் பொருளுக்கு அப்படி இல்லை. எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே கேட்கவும், பிறகு ஒவ்வொரு பொருளுக்கும் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் பில் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. இன்ஷூரன்ஸ் இருந்தால், பணம் கட்டுவோம் என்று அவர்கள் கொடுக்கும் உறுதிக் கடிதமான ஜி.எல். எடுக்கும்போதே, "ஒருமுறை ஸ்கோப் போட்டால் கொடுப்பீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். கட்டாயமில்லாத பொருள் என்று சொல்லி உங்கள் தலையில் கட்டிவிடலாம். அரசு மருத்துவமனையில் கட்டணம் மிகக் குறைவு, வரிசைதான் நீளம். அங்கே ஸ்கோப் வகையைத் தேர்வு செய்யும் பேச்சு பொதுவாக எழாது.

என் மக பாயான் லெப்பாஸ்ல இதே குழாயத்தான் செய்யுறா. இங்க செஞ்சும் நமக்கு ஏன் கிடைக்க மாட்டேங்குது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. டென்மார்க்கைச் சேர்ந்த அம்பு நிறுவனத்துக்குப் பினாங்கின் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை உண்டு. ஒருமுறை ஸ்கோப்புகள் அங்கே தயாராகி உலகம் முழுக்கப் போகின்றன. நம் வீட்டுப் பெண்கள் தலையுறை போட்டுக்கொண்டு, உருப்பெருக்கிக்குக் கீழே கேமராவை ஒட்டும் அந்தக் குழாய் கடைசியில் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ ஒருவர் தொண்டைக்குள் போகிறது.

எங்கே செய்கிறார்கள் என்பது விலையைத் தீர்மானிப்பதில்லை. அமெரிக்காவில் கழுவும் ஆளின் சம்பளம், ரிப்பேர் செலவு, தொற்று வந்தால் வரும் வழக்குச் செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் எறிவது கட்டுப்படியாகலாம். இங்கே சம்பளம் குறைவு, கழுவுவது மலிவு. அதோடு, இங்கே விற்கும் எந்த மருத்துவச் சாதனமும் 2012 மருத்துவச் சாதனச் சட்டத்தின்படி மருத்துவச் சாதன ஆணையத்தில் பதிவாக வேண்டும். தொழிற்சாலை பக்கத்துத் தெருவில் இருந்தாலும் அந்தப் பதிவு தனி வேலை.

ஒருமுறை ஸ்கோப்ன்னு காசு வாங்கிட்டு, கழுவி அடுத்த ஆளுக்குப் போட்டுட்டா?

செய்யக் கூடாது. செய்தால் கழுவி வைக்கும் ஸ்கோப்பைவிட மோசம். அந்தக் குழாய் கழுவுவதற்காக வடிவமைத்ததே இல்லை. கிழிசல் பார்க்கும் வழி இருக்காது, மருந்தில் ஊறினால் பசை விட்டுப்போகும். பையின் மேல் 2 என்ற எண்ணை வட்டத்துக்குள் போட்டுக் குறுக்கே கோடு கிழித்த அடையாளம் இருக்கும். திரும்பப் பயன்படுத்தாதே என்று அதற்குப் பொருள்.

மயக்க ஊசி போடும் முன் பையை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லலாம். தயங்காமல் கேளுங்கள்.

ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு குழாய எறிஞ்சா குப்பை மலை ஆயிடாதா?

ஆகும். அமெரிக்காவில் இரண்டு மருத்துவமனைகளில் எடைபோட்டுப் பார்த்து 2022-இல் வெளியிட்ட ஆய்வில், இப்போதே ஒரு ஸ்கோப் பரிசோதனைக்குச் சராசரியாக 2.1 கிலோ குப்பை சேர்கிறது என்று வந்தது. எல்லாவற்றையும் ஒருமுறை ஸ்கோப்பாக மாற்றினால், கழுவும்போது சேரும் குப்பை குறைந்தாலும், மொத்தத்தில் 40 சதவீதம் கூடும் என்று கணக்குப் போட்டார்கள். வயிற்று ஸ்கோப்பை மட்டும் எடுத்துப் பிரான்சில் செய்த கணக்கில், ஒருமுறை ஸ்கோப்பின் கரிமத் தடம் கழுவும் ஸ்கோப்பைவிட இரண்டு மடங்குக்கு மேல்.

மலேசியாவில் இது மருத்துவக் கழிவு, மஞ்சள் பையில் போய் எரியுலையில் முடியும். அதில் கேமராவும் மின்சுற்றும் இருப்பது எனக்கு உறுத்துகிறது. ஆனால் கழுவுவதும் சும்மா வருவதில்லை: தண்ணீர், மருந்து, மின்சாரம், ஆடை, கையுறை எல்லாம் செலவு.

தண்ணி நின்னுபோற நாள்ல எப்படிக் கழுவுவாங்க?

பினாங்குக்காரர்கள் மட்டும்தான் இதைக் கேட்பார்கள். 2024 ஜனவரியில் சுங்கை டுவா தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்ற நான்கு நாள் தண்ணீர் நிறுத்தம் என்று அறிவித்து ஊரே வாளி வாங்க ஓடியது நினைவிருக்கும். மருத்துவமனைகளில் தொட்டி இருக்கும், லாரித் தண்ணீரும் வரும். ஆனால் ஸ்கோப்பின் கடைசி அலசலுக்குக் கிடைத்த தண்ணீரை விட முடியாது, நுண்ணிய வடிகட்டி வழியாகத்தான் போக வேண்டும். அதனால் அவசரமில்லாத ஸ்கோப்புகளைத் தள்ளிவைப்பதே சரி. அந்த நாளில் உங்கள் தேதியை மாற்றினால் கோபப்படாதீர்கள். இப்படிப்பட்ட நேரத்தில் அலமாரியில் சில ஒருமுறை ஸ்கோப் இருப்பது ஒரு பிரிவுக்குப் பெரிய நிம்மதி.

அப்போ யாருக்குத்தான் ஒருமுறை ஸ்கோப் உண்மையிலேயே தேவை?

இ.ஆர்.சி.பி. பற்றி முன்பே சொல்லிவிட்டேன். அடங்காத கிருமி உடம்பில் இருப்பது தெரிந்தவர்களுக்கு, அவர்களிடமிருந்து அடுத்தவருக்குப் போகாமல் இருக்க. எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கு. நடுராத்திரியில் இரத்த வாந்தியோடு தீவிர சிகிச்சையில் கிடப்பவருக்கு, கழுவும் ஆட்கள் இல்லாத நேரத்தில். பெரிய ஸ்கோப் பிரிவு இல்லாத சின்ன மருத்துவமனைகளுக்கும் பொருந்தும்.

அபூர்வமான இன்னொன்று, மூளையைத் தாக்கும் பிரியான் நோய் சந்தேகம். பிரியான் என்பது உருமாறிய ஒரு புரதம், ஸ்கோப்புக்குப் போடும் வழக்கமான மருந்தை நம்பி அதை அழிக்க முடியாது. இந்தப் பட்டியலில் இல்லாமல், காஸ்ட்ரிக் தொல்லைக்காக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று வருபவருக்கு, ஒழுங்காகக் கழுவி உலர்த்திய ஸ்கோப் போதும். என் சொந்தக்காரர்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன்.

கேப்சூல் முழுங்கினா போதும்ங்கிறாங்களே?

கேமரா மாத்திரை 2001-இலிருந்து இருக்கிறது, அதுவும் ஒருமுறைதான். சிறுகுடலைப் பார்க்க மிக நல்லது. ஆனால் சதை எடுக்காது, இரத்தத்தை நிறுத்தாது. வயிற்று ஸ்கோப்புக்குப் பதிலாக அதை எடுத்துக்கொள்ள முடியாது.

எங்கம்மா இந்தப் பயத்துலயே ஸ்கோப் வேணாங்கிறாங்க. விட்டுடலாமா?

அம்மாவுக்கு என்ன தொல்லை என்று பாருங்கள். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போவது, விழுங்கும்போது அடைப்பது, காரணமில்லாமல் மெலிவது, இரத்தச் சோகை, ஓயாத வாந்தி இவற்றில் ஒன்று இருந்தாலும் விடக் கூடாது. ஸ்கோப்பால் தொற்று வருவது 18 லட்சத்தில் ஒன்று என்று பழைய கணக்கு ஒன்று உண்டு. அது குறைத்து மதிப்பிட்டது என்று இப்போது பலரும் சொல்கிறார்கள், நானும் அதை வேதவாக்காக எடுப்பதில்லை. ஆனாலும் வயதானவருக்குத் தொற்றைவிட மயக்க மருந்தால் மூச்சு, இதயம் தொல்லை கொடுப்பதுதான் அதிகம் கவனிக்க வேண்டியது. சுகர், இதய நோய், இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் முன்பே சொல்லுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கழுவுறதப் பத்திக் கேட்டா மிஸ்ஸி கோவிச்சுக்க மாட்டாங்களா?

நல்ல பிரிவில் கோபப்பட மாட்டார்கள், பெருமையோடு சொல்வார்கள். "சுத்தமா இருக்கா?" என்று கேட்டால் எல்லாரும் "இருக்கு" என்பார்கள். அதனால் வேறு மாதிரி கேளுங்கள்: கழுவ மெஷின் இருக்கிறதா? கழுவுவதற்கென்று பயிற்சி பெற்ற ஆள் இருக்கிறாரா? உலர்த்தும் அலமாரி இருக்கிறதா? ஸ்கோப்பில் கிருமி வளர்கிறதா என்று அவ்வப்போது மாதிரி எடுத்துச் சோதிக்கிறார்களா?

ஒவ்வொரு ஸ்கோப்புக்கும் ஒரு எண் உண்டு. எந்த எண் ஸ்கோப் எந்த நாளில் யாருக்குப் போடப்பட்டது, யார் கழுவினார் என்று பதிவு இருக்க வேண்டும். "எனக்குப் போட்ட ஸ்கோப் நம்பர் பதிவாகுமா?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் தடுமாறாமல் வந்தால் அந்த இடத்தை நான் நம்புவேன், வாசலில் பளிங்குத் தரை இருக்கிறதோ இல்லையோ.

போட்டுட்டு வந்த பிறகு காய்ச்சல் வந்தா என்ன பண்றது?

தொண்டை வலியும் வயிற்று உப்பசமும் ஒரு நாளில் போய்விடும். 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம், கடுமையான வயிற்று வலி அல்லது நெஞ்சு வலி, இரத்த வாந்தி, கறுப்பு மலம் இருந்தால் கிளினிக்குக்குப் போய் மருந்து வாங்கி நாளைக் கடத்தாமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். இ.ஆர்.சி.பி. செய்தவர் என்றால் கணையம் வீங்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு, முதுகுக்குப் பரவும் வலியை அலட்சியம் செய்யாதீர்கள்.

ஸ்கோப் ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோய், என்றைக்கு, எந்த மருத்துவமனையில், எந்த வகை ஸ்கோப் என்று சொல்லுங்கள். இரத்தத்தில் கிருமி வளர்த்துப் பார்த்து ஏதாவது வந்தால், ஸ்கோப் போட்ட இடத்துக்கும் தகவல் போக வேண்டும். அந்த எண்ணை வைத்துத்தான் அதே ஸ்கோப் போட்ட மற்றவர்களைக் கூப்பிட்டுப் பார்ப்பார்கள்.